இடது முன் சக்கரம்

என் தங்கை கடைசியாகப் போன காரின் முன் சக்கரங்களை மாட்டியவன் நான். இப்போது இது போலீஸ் காகிதத்தில் இருக்கிறது. நானே போய்ச் சொல்லி எழுதவைத்தேன். ஆனால் அதைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் ஊரும் உறவும் இன்னொரு ஆளைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போடியில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கும் பகுதி என் பொறுப்பு. இருபது வருஷத்துக்கு மேல் அதே வேலை. மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கியதும் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளுவேன். காய் எவ்வளவு காய்ந்திருக்கிறது, எந்தச் சல்லடையில் நிற்கும் என்று கருவியில் வைக்கும் முன்பே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். வெளியூர் வியாபாரி வந்தால் முதலாளி என்னைக் காட்டி, "மெஷினு பொய் சொன்னாலும் சொல்லும், இவரு கை சொல்லாது" என்பார். வருஷக்கணக்கில் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் எவனும் நம்பிவிடுவான். நானும் நம்பினேன்.

என் கார் வாங்கும்போதே பழையது. ஒரு முறை சர்வீசுக்கு விட்ட இடத்தில் ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் பழைய தூசி அப்படியே இருந்தது. அன்றோடு வெளியில் விடுவதை நிறுத்தினேன். ஃபோனில் வீடியோ பார்த்து முதலில் ஆயில் மாற்றினேன். பிறகு பிரேக் பேடு. பிறகு மாமனார் வீட்டு வண்டி, பக்கத்துத் தெரு ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டு வாசலில் யாருடைய வண்டியாவது ஜாக்கியில் நிற்கும். எல்லாரும் எஞ்சினியர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு இனித்தது.

என் தங்கை என்னைவிட நாலு வயது இளையவள். சிலமலையில் வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளைக்கு அங்கே கொஞ்சம் தோட்டம், அதோடு போடிமெட்டைத் தாண்டி கேரளப் பக்கம் இரண்டு ஏக்கர் ஏலம். காய் எடுக்கிற பருவத்தில் மலைக்குப் போவது பெரும்பாலும் அவள்தான். அங்கே வேலை பார்க்கிற பெண்களோடு பேசிப்பேசி அவள் வாயில் மலையாளம் ஒட்டியிருந்தது. ஃபோனை எடுத்தால், "எந்தா அண்ணே" என்பாள். ஒரே மகள், ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

விபத்து நடந்த அந்தச் சனிக்கிழமைக்கு முன் ஒரு மாதமாகவே காரின் முன்பக்கம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம். சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிறுத்துகிற இரும்புக் கை ஒன்று கீழே இருக்கும். லோயர் ஆர்ம் என்பார்கள். அதன் ரப்பர் புஷ் இரண்டு பக்கமும் தேய்ந்து கிழிந்திருந்தது. தேனிக்குப் போய்ப் புது ஆர்ம் இரண்டு வாங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சக்கரங்களைக் கழற்றியபோது, சக்கரம் போய் உட்காருகிற டிஸ்க்கின் முகப்பு முழுவதும் துரு. பார்க்க அசிங்கமாக இருந்தது. வீட்டில் கேட்டுக்கு அடித்த கறுப்புப் பெயிண்ட் மிச்சம் இருந்தது. நன்றாகக் குழைத்து இரண்டு கோட்டிங் அடித்தேன். பளபளவென்று ஆனது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சனிக்கிழமை காலையில் ஆர்ம்களை மாட்டினேன். வண்டி ஜாக்கியில் தூக்கி நின்றபடியே, சக்கரம் இல்லாமல் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, புஷ் போல்ட்டுகளை முழு மூச்சில் இறுக்கினேன். அப்படிச் செய்யக்கூடாது. வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கி, ஆர்ம் அது வழக்கமாக நிற்கிற இடத்துக்கு வந்த பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். இது எனக்கு அப்போது தெரியாது. அன்று செய்த தப்புகளில் இதுதான் சின்னது.

வலது சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, நாலு நட்டையும் குறுக்குக் குறுக்காக இறுக்கினேன். பிறகு இடது பக்கம் போனேன். சக்கரத்தைத் தூக்கி வைத்து நட்டுகளை விரலால் சுற்றினேன். ஸ்பானர் போட்டு லேசாக முடுக்கினேன். ஜாக்கியை இறக்கினேன். அப்போதுதான் தங்கையும் மாப்பிள்ளையும் பைக்கில் வந்து நின்றார்கள்.

"என்னண்ணே, ஆபரேசன் தியேட்டரு மாதிரி பரப்பி வச்சிருக்க" என்று அவள் சிரித்தாள். நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பையைத் தலையில் கட்டியிருந்தாள். மேற்கே மலை தெரியவில்லை, முழுக்க மேகம்.

மாப்பிள்ளை தயங்கித்தான் கேட்டார். "மச்சான், வண்டி ரெடியா? இன்னைக்குக் காய் எடுப்பு. மழை புடிச்சிரும்போல இருக்கு. பைக்குல இவளக் கூட்டிட்டு மெட்டு ஏற முடியாது. வேலையாளுக போற ஜீப்பும் போயிருச்சு."

"இந்தா, முடிஞ்சது மாப்ளே" என்றேன்.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து என் மனைவி சத்தம் போட்டாள். ஸ்டோரிலிருந்து ஃபோன். காலையில் இறங்கிய லோடில் ஈரம் இருக்கிறதாம், வியாபாரி வந்து நிற்கிறாராம், வெரசா வரச்சொன்னார்களாம். நான் எழுந்து உள்ளே போனேன். ஃபோனில் பேசினேன். மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவினேன். வெளியே வந்தேன். சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன்.

உள்ளே போகும் முன் ஸ்பானரை இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. வெளியே வந்த பிறகு அதை எடுத்து டிக்கியில் போட்டதும் ஞாபகம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் குனிந்து அந்த நாலு நட்டையும் இறுக்கினேனா? எத்தனையோ முறை உட்கார்ந்து யோசித்துவிட்டேன். இறுக்கியது போலவும் இருக்கிறது. ஆனால் ஞாபகத்தில் வரும் அந்தக் கைகளில் கிரீஸ் இருக்கிறது. கழுவிய கையில் கிரீஸ் இருக்காது. அது வலது சக்கரத்தை இறுக்கிய ஞாபகமாக இருக்கலாம்.

அவர்கள் கிளம்பினார்கள். நான் ஸ்டோருக்குப் போனேன்.

பத்து மணி இருக்கும். மூட்டைக்குள் ஒரு கையை விட்டுக்கொண்டிருந்தேன், ஃபோன் அடித்தது. மாப்பிள்ளை.

"மச்சான், முந்தல் தாண்டிட்டோம். முன்னாடி எடப்பக்கம் டக்கு டக்குன்னு சத்தம் வருது. ஸ்டீயரிங்கும் லேசா ஆடுற மாதிரி இருக்கு."

"எப்பருந்து?"

"ஊரு தாண்டுனதுல இருந்தே. இப்பக் கூடுது."

முந்தல் மலையடிவாரம். அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள்தான். அங்கே ஓரமாக நிறுத்தச் சொல்லி, டிக்கியில் இருக்கிற ஸ்பானரை எடுத்து நாலு நட்டையும் முடுக்கிப் பாருங்க என்று நான் சொல்லியிருந்தால் பத்து நிமிஷ வேலை. எனக்கு எதிரே வியாபாரி நின்றுகொண்டிருந்தார். முதலாளி நின்றுகொண்டிருந்தார். நான் போட்ட வேலையில் சத்தம் வருகிறது என்று ஒருவர் ஃபோனில் சொல்கிறார். எனக்கு வந்தது பயம் இல்லை, எரிச்சல்.

"புது புஷ்ஷு மாப்ளே. ரப்பர் கெட்டியா இருக்கும், கொஞ்சம் ஓடுனா செட்டாயிரும். போங்க."

"ஒருக்கா திருப்பிக் கொண்டுவந்து காமிச்சிட்டுப் போகட்டுமா மச்சான்?"

"நான் போட்டது மாப்ளே. ஒண்ணும் ஆகாது."

ஃபோனை வைத்துவிட்டேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது அந்தப் பேச்சு.

மலை ஏறிவிட்டார்கள். காய் எடுப்பு முடித்து, மூன்று மணி வாக்கில் இறங்கியிருக்கிறார்கள். இறக்கத்தில், மூடுபனியில், மெதுவாகத்தான் வந்திருக்கிறார். ஒரு வளைவில் இடது முன் சக்கரம் கழன்று வண்டிக்கு முன்னால் உருண்டு ஓடியிருக்கிறது. வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து, தார் ரோட்டில் உரசிக்கொண்டு போய், ஓரச் சுவரை உடைத்துக் கீழ் ரோட்டுக்கு மேலே பாறையில் போய் மூக்கைக் குத்தி நின்றது. மேலே போன எஸ்டேட் ஜீப்பில் வந்தவர்கள்தான் இறங்கி இரண்டு பேரையும் தூக்கியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு இடுப்பும் தொடையும் முறிந்திருந்தது. என் தங்கை இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

போடி அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பை நிறுத்தியபோது நான் அங்கே இருந்தேன். அவளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தலையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பை அப்படியே இருந்தது. ஒரு நர்ஸ் அதை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

மூன்றாம் நாள், சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில், எங்கள் பெரியப்பா மகன் சொன்னார்: "மலையில எறங்குறப்ப நியூட்ரல்ல விட்டிருப்பான். அவனுக்கு எப்பவும் பறக்கணும்." இன்னொருவர், "பனியில எவன் அப்படி ஓட்டுவான், அவன்தான் அவளக் கொன்னுட்டான்" என்றார். நான் எல்லாருக்கும் காப்பி டம்ளர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சக்கரம் கழன்றது அவர்களுக்குத் தெரியும். வளைவில் சுவரில் மோதினதால் கழன்றது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது. நான் திருத்தவில்லை.

போலீஸ் மாப்பிள்ளை மேல் வழக்குப் போட்டது. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டி மரணம் விளைவித்ததாக. செத்தது அவருடைய மனைவி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தொங்கவிட்டுக் கட்டியிருந்தபோதுதான் வந்து எழுதிக்கொண்டு போனார்கள்.

வண்டி என் பெயரில் இருந்ததால் ஸ்டேஷனுக்கு ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பின்பக்கம் வேப்பமரத்துக்குக் கீழே கார் நின்றது. கழன்ற சக்கரத்தைத் தேடி எடுத்துவந்து பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

சக்கரத்தில் போல்ட் நுழையும் நாலு துளைகளும் வட்டமாக இல்லை. தேய்ந்து தேய்ந்து முட்டை மாதிரி நீண்டிருந்தன. மோதிய வேகத்தில் ஒரு சக்கரம் கழன்றால் போல்ட் ஒடியும், துளை கிழியும். இப்படி வழவழப்பாக நீளாது. நட்டு தளர்ந்து, சக்கரம் பல கிலோமீட்டர் ஆடி ஆடி, உள்ளே அரைத்திருந்தால்தான் இப்படி ஆகும். காரின் பக்கம் எட்டிப் பார்த்தேன். டிஸ்க்கின் முகப்பில் நான் அடித்த கறுப்புப் பெயிண்ட் பாதி நசுங்கித் தூளாகிப் போயிருந்தது.

ஒரு போலீஸ்காரர் வந்து, "என்ன சார் பாக்குறீங்க?" என்றார். "சும்மா" என்றேன்.

அவரிடம் கேட்டு, டாஷ்போர்டுக்குள் இருந்த காரின் கையேட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். மழையில் நனைந்து தாள்கள் ஒட்டியிருந்தன. வண்டி வாங்கி இத்தனை வருஷத்தில் நான் அதைத் திறந்ததில்லை. ஸ்டோரில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் படித்தேன். எல்லாம் இருந்தது. சக்கரம் உட்காரும் முகப்பை இரும்புப் பிரஷ்ஷால் சுரண்டித் துடைக்க வேண்டும். அங்கே பெயிண்ட், மண், கிரீஸ் எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் நட்டு இறுகிவிட்டது போலக் கைக்குத் தோன்றும். வண்டி ஓட ஓட நடுவில் இருக்கிற பெயிண்ட் நசுங்கும், நசுங்கிய அளவுக்கு நட்டு தளரும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு நட்டுக்கும் ஓர் எண் போட்டிருந்தது. அந்த எண்ணுக்கு இறுக்க டார்க் ரெஞ்ச் என்று ஒரு ஸ்பானர் விற்கிறது. நான் பார்த்த வீடியோக்களில் அதைத்தான் கையில் வைத்திருந்தார்கள். நான் அந்த இடத்தை எப்போதும் தள்ளிவிட்டுப் பார்ப்பேன். கடைசியாக ஒரு வரி: சக்கரம் மாட்டிக் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு நிறுத்தி, நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். நாலு வரி. அதைப் படிக்க எனக்கு ஒரு சாவு தேவைப்பட்டது.

பெயிண்ட்தான் காரணம் என்று முடிவு செய்துகொள்ள ஆசைப்பட்டேன். பெயிண்ட் என்றால் தெரியாமல் செய்தது. இறுக்க மறந்தேன் என்றால் அதற்கு வேறு பெயர். இரண்டில் எதுவாக இருந்தாலும் முந்தலிலிருந்து வந்த ஃபோனை என்ன செய்வது என்று தெரியவில்லை.

என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலேயே கேட்டாள்.

"நீங்க சொன்னா அவ திரும்பி வரப்போறாளா?"

"மாப்ளே மேல கேஸு இருக்கு."

"அவருக்குப் பெருசா ஒண்ணும் ஆகாதுங்கிறாங்க. பொண்டாட்டியப் பறிகொடுத்த மனுசன யாரும் உள்ள வைக்க மாட்டாக. நீங்க போய்ச் சொன்னா நம்ம வீட்டுல எழவு விழுந்த மாதிரி. உங்க தங்கச்சியக் கொன்ன அண்ணன்னு பேரு வரும். நம்ம பிள்ளைகளப் பாருங்க."

அவள் கெட்டவள் இல்லை. நான் கேட்க நினைத்ததைத்தான் சொன்னாள்.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து சிலமலைக்கு வந்த பிறகு வாரம் ஒரு முறை போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போவேன். கட்டிலில் படுத்திருப்பார். "வாங்க மச்சான்" என்பார். அதற்கு மேல் பேச்சு இருக்காது. மலையில் காய் பழுத்து விழுகிறது, யாருக்காவது குத்தகைக்கு விடணும் என்று ஒரு நாள் சொன்னார். ஃபோன் பண்ணியதைப் பற்றி அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மருந்துக் குழப்பத்தில் மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது.

அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. தங்கை மகள் அப்பாவோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கட்டில் பக்கத்தில் வைப்பாள். மாத்திரையைப் பிரித்து வைப்பாள். தண்ணீர் வைப்பாள். ஒரு வார்த்தை கிடையாது. அவர் கூப்பிட்டால் வந்து நிற்பாள், சுவரைப் பார்ப்பாள்.

ஒரு நாள் நான் கிளம்பும்போது பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு ஆத்தா."

"அப்பா மெதுவா வந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்கல்ல?"

பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ம்" என்றேன்.

அதுவரை நான் பேசாமல்தான் இருந்தேன். அந்த ஒரு எழுத்தில் பொய் சொன்னேன். செத்துப்போனவளின் மகளிடம், உயிரோடு இருக்கிற அவள் அப்பனைப் பற்றி. பஸ்சில் ஏறி உட்கார்ந்தேன். போடி வருமுன்பே இறங்கிவிட்டேன். மிச்ச தூரம் நடந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு வாங்காமல் போனேன். மாப்பிள்ளை வாக்கரைப் பிடித்து வாசலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெயில் அடித்தது. தங்கை பிள்ளை உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள், கதவு திறந்திருந்தது. நான் உட்காரவில்லை.

"மாப்ளே, நட்ட நான் சரியா இறுக்கல" என்றேன். "இறுக்குனனான்னே தெரியல. உள்ள பெயிண்டு வேற அடிச்சு வச்சிருந்தேன். ஸ்டேஷன்ல சக்கரத்தப் பாத்தேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அதுவாக் கழண்டிருக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாக்கரின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"முந்தல்ல இருந்து நீங்க ஃபோன் பண்ணீங்க. நான் போகச் சொன்னேன்."

"ஆமா" என்றார்.

"ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும் மச்சான்? ரெண்டு தடவ கேட்டேன் உங்கள."

"பின்ன ஏன் போலீசுல சொல்லல?"

வாக்கரைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "நான் சொல்லியிருந்தா, பொண்டாட்டியக் கொன்னுட்டு மச்சான் மேல பழியப் போடுறான்னு சொல்லியிருப்பாங்க. உங்க ஆளுகளே சொல்லியிருப்பாங்க. அதுபோக, நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். மொத வாரம் பாத்தேன். காரியத்தன்னைக்குப் பாத்தேன். ஒவ்வொரு வாரமும் பழத்தத் தூக்கிட்டு வருவீங்க. இன்னைக்குச் சொல்லிருவாரு, இன்னைக்குச் சொல்லிருவாருன்னு படுத்துக் கெடந்தேன். அஞ்சு மாசம் மச்சான்."

உள்ளே துணி மடிக்கும் சத்தம் நின்றிருந்தது. பிள்ளை வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பது போல இருந்தது. அவள் போய் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவருடைய நல்ல காலில் தலையை வைத்துக்கொண்டாள். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் அங்கே நிற்கக்கூடாது என்று தெரிந்தது. வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் என் மனைவி சொன்னதையே சட்டத்தின் மொழியில் சொன்னார். வாயை மூடிக்கொண்டிருந்தால் இது சாதாரண விபத்து வழக்கு, வாயைத் திறந்தால் என் பக்கம் திரும்பும். திரும்பட்டும் என்றேன். ஸ்டேஷனில் எஸ்.ஐ. முதலில் நம்பவில்லை. மாப்பிள்ளையைக் காப்பாற்ற வந்து உளறுகிறேன் என்று நினைத்தார். வேப்பமரத்துக்கடியில் கூட்டிப்போய்த் துளைகளைக் காட்டினேன். பெயிண்டை நகத்தால் சுரண்டிக் காட்டினேன். மோட்டார் வாகன ஆய்வாளர் மறுபடி வந்து பார்த்து எழுதினார். மாப்பிள்ளையின் பெயர் குற்றப்பத்திரிகையிலிருந்து நீங்கி, அந்த இடத்தில் என் பெயர் வந்தது.

என் மனைவி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள், தேவைக்கு மட்டும். பெரியப்பா மகன் வீட்டு விசேஷத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. ஸ்டோரில் வேலை இருக்கிறது. முதலாளி முன்பு போல ஆட்களிடம் என்னைக் காட்டுவதில்லை, நானும் கருவியில் வைத்துப் பார்க்காமல் எதையும் சொல்வதில்லை. வாசலில் வண்டி கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் யாரும் இல்லை. ஒருவர் மட்டும், என்னோடு வேலை பார்ப்பவர், தன் காரின் டயரைத் தானே மாற்றியதாக ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். இறுக்கினீங்களா, எதை வைத்து இறுக்கினீங்க, உள்ளே துடைச்சீங்களா, ஓடினதுக்கப்புறம் பார்த்தீங்களா என்று கேட்டுக்கொண்டே அவர் கையைப் பிடித்துவிட்டேன். அவர் பயந்துபோய்க் கையை உருவிக்கொண்டார். அன்று சாயங்காலம் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வந்ததாக மறுநாள் சொன்னார். ஒரு நட்டு லூசாக இருந்ததாம். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி எதுவும் வரவில்லை.

வழக்கு போடி கோர்ட்டில் நடக்கிறது. குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னதற்கு வக்கீல் விடவில்லை, சாட்சி விசாரணை நடக்கட்டும் என்றார். வாய்தாவுக்கு மேல் வாய்தா. போன வாய்தாவுக்கு மாப்பிள்ளை சாட்சி சொல்ல வந்தார். கைத்தடி ஊன்றி நடக்கிறார். பிள்ளை கூட வந்திருந்தாள். காலேஜில் சேர்ந்துவிட்டாள் என்று வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அரசு வக்கீல் முந்தலில் நடந்ததைக் கேட்டார். மாப்பிள்ளை ஃபோன் பேச்சை வார்த்தை பிசகாமல் சொன்னார்.

"ஃபோனை வச்சதும் உடனே கிளம்பிட்டீங்களா?"

"இல்லைங்க. எனக்கு மனசு கேக்கல. ஓரமா நிறுத்திட்டு, எறங்கி சக்கரத்த ஒருக்கா ஆட்டிப் பாப்போம்னு கதவத் தொறந்தேன்."

"பாத்தீங்களா?"

"பாக்கல. எங்க வீட்டுக்காரிதான் வேண்டாம்னா."

"என்ன சொன்னாங்க?"

மாப்பிள்ளை கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். முதல் முறையாக என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"'அண்ணன் ஆசையா பாத்துக் குடுத்த வண்டி. நம்ம எறங்கிச் சோதிச்சோம்னு தெரிஞ்சா அது மனசு சங்கடப்படும். கதவச் சாத்துங்க, போவோம்'னு சொன்னா. நான் சாத்திட்டேன்."

தட்டச்சு செய்கிற அம்மா அதையும் அடித்துக்கொண்டிருந்தார். நீதிபதி வேறு கேள்வி உண்டா என்று கேட்டார். என் வக்கீல் இல்லை என்றார். என் காதில் அதற்குப் பிறகு எதுவும் சரியாக விழவில்லை.

வெளியே வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் ரோட்டைக் கடந்து பஸ்சுக்கு நின்றார்கள். நான் கோர்ட் சுவரோரம் நின்றேன். அந்தப் பக்கம் போகலாமா என்று இரண்டு முறை காலை எடுத்து வைத்தேன். சிலமலை பஸ் வந்தது. பிள்ளை முதலில் ஏறி, திரும்பி, அப்பாவின் கையைப் பிடித்து ஏற்றினாள். ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து, கைத்தடியை வாங்கித் தன் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பும்வரை இந்தப் பக்கம் பார்க்கவில்லை.